நடுவர் கை

கை கழுவும் இடம் எங்கே என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

தீயணைப்பு நிலையக் கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது வெர்னா கோஸ்டெல்னிக்கின் மனதில் ஓடியது அதுதான். யாரும் இன்னும் அவள் கையைத் தொடவில்லை. தொடப்போகிறார்கள் என்று கைக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது. கோட்டுப் பைக்குள் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டாள்.

உள்ளே வெண்ணெயில் வதங்கிய முட்டைக்கோஸ் வாடை. அதற்கு மேல் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை. அதற்கும் மேல், எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு, முழங்காலில் தேய்க்கும் தைல வாடை. அறுபது வயது ஆண்கள் வயிற்றைப் பிதுக்கிக்கொண்டு பழைய ஜெர்சிக்குள் புகுந்திருந்தார்கள். ஒருவன் தொப்புள் வெளியே தெரிய நின்று இன்னொருவன் முதுகில் ஓங்கி அறைந்தான். அறை வாங்கியவன் சிரித்துச் சிரித்து இருமினான். இருமல் முடிந்ததும் வாயைத் துடைத்த அதே கையால் தட்டிலிருந்து ஒரு பியரோகிக் கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"வந்ததும் வராததுமா மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? சாவு வீட்டுக்கா வந்திருக்கோம்?" என்றாள் ஆர்லீன். செத்துப்போன தம்பியின் மனைவி. வண்டி ஓட்டிக்கொண்டு வந்தது அவள்தான்.

"லீக் செத்த வீடுதானே."

"அது செத்து எலும்புகூட மக்கிப் போயாச்சு. நீ அந்தக் குக்கி மேசையப் பாரு. ஒரு கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சுட்டதில்ல இந்த ஊர்ல. நான் ஒரு டப்பா கொண்டாந்திருக்கேன், பைக்குள்ள வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

வெர்னாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. ஆர்லீன் போன இடமெல்லாம் டப்பாவோடு போவாள். 

கூடத்தின் கோடியில் ஒரு மர மேடைமேல் கறுப்புத் துணி போர்த்திய கல் நின்றது. அவள் பார்வை உள்ளே வந்ததிலிருந்து அங்கே போகாமல் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஆசைப்பட்ட பொருளை ஆசைப்படாதது போலப் பார்க்கும் பழக்கம் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. போன வாரம் கார்டி லாஸ்கோ தொலைபேசியில் சொல்லியிருந்தான்: மேல்கரைக் கல்லூரிக் கால்பந்து லீக்கின் நினைவுக் கல்லில் அவள் பெயரும் இருக்கிறது. 'முதல் பெண் நடுவர்.' சாம்பல் நிறக் கருங்கல், வெட்டியாயிற்று, சாப்பாட்டுக்குப் பிறகு திறக்கிறோம், அவசியம் வாங்க. தொலைபேசியை வைத்த பிறகு அவள் அடுப்பங்கரையில் நின்று தன் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். யாராவது கேட்டிருந்தால் வெட்கத்தில் செத்திருப்பாள்.

லீக்கில் அவள் நடுவராக இருந்தது ஐந்தே பருவங்கள். விசிலோடு அவள் மைதானத்துக்குள் வரும்போதெல்லாம் பார்வையாளர் பக்கமிருந்து யாராவது நாயைக் கூப்பிடுவது போல விசிலடிப்பார்கள். கிரிம்ஷா கல்லூரியின் கோச் ப்ரூயிட், எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "பாப்பா, சமையல் அடுப்புல தீயுது, ஓடு ஓடு!" என்று கத்துவார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு அவள் ஓடினாள். நன்றாகவே ஓடினாள். பந்துக்கு எப்போதும் பத்து அடிக்குள் இருப்பாள். அது யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது, இப்போது ஒரு கல்லுக்கும் தெரியப்போகிறது.

"ரெஃப்! வந்துட்டீங்களா!"

கார்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கிரிம்ஷா அணியின் கோல்கீப்பர், தலைவன். இப்போது ஊரில் பாதிப் பேருக்குக் காப்பீடு விற்பவன். நல்ல உயரம், நல்ல பல், யார் வீட்டில் யார் செத்தாலும் முதல் ஆளாகச் சுட்ட பன்றித்தொடைக் கறியோடு வந்து நிற்பவன். அவள் தம்பி செத்தபோதும் வந்தான். பனிக்காலத்தில் அவள் வீட்டு வாசல் பனியை இரண்டு மூன்று முறை சொல்லாமல் வந்து தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். அதுதான் சங்கடம். ஒரேயடியாகக் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"ஆர்லீன் அக்கா, நீங்க குக்கி மேசைக்குப் போங்க. டப்பா கொண்டாந்திருப்பீங்கன்னு தெரியும்."

"உன் வாயில ஈ பூந்துரும் பாரு," என்று சொல்லிக்கொண்டே ஆர்லீன் போனாள்.

கார்டி அவள் கையில் ஒரு காகிதக் கோப்பையைத் திணித்தான். சூடான ஆப்பிள் சாறு. பழுப்பு நிறம், மேலே லேசாக நுரை. "ரெஃப், ஒரு சின்ன விஷயம். கல்லப் பத்தி."

"என்ன?"

"எல்லா வருஷத்துச் சாம்பியன் பேரும் வெட்டியாச்சு. ஆயிரத்தித் தொளாயிரத்தி நாப்பத்தொம்பதுலேர்ந்து தொண்ணூத்தொண்ணு வரைக்கும். ஒரே ஒரு வருஷத்துக்கு நேர மட்டும் வெறும் கல்லு. எண்பத்தேழு." அவன் குரலைத் தாழ்த்தினான். "கல்வெட்டுறவன் வெளிய உக்காந்திருக்கான், உளியோட. நீங்க மனசு வச்சா சாயங்காலத்துக்குள்ள வெட்டிடுவான்."

"நான் என்ன மனசு வைக்கணும்?"

"கை குடுக்கணும், ரெஃப். அவ்வளவுதான். மைதானத்துக்குப் போறோம், பழையபடி வரிசையா நடக்கிறோம், கடைசில நான் உங்ககிட்ட வர்றேன், நீங்க கை குடுக்கறீங்க. ஆட்டம் முடிஞ்சிடும்."

அவள் கோப்பைக்குள் பார்த்தாள். குடிக்க முடியவில்லை.

மேல்கரை லீக்கில் அப்படி ஒரு வழக்கம். வேறு எந்த லீக்கிலும் இல்லாதது. லீக்கை ஆரம்பித்தவர் டோபையாஸ் ஆக்லி என்ற பாதிரியார். ஏழு சின்னக் கல்லூரிகள், எல்லாம் ஆற்றின் மேல்கரையில், எஃகு ஆலைகளின் புகைக்கு நடுவே. ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்ளும் ஆட்டத்துக்குத்தான் அங்கே கூட்டம் வரும். காலால் உதைக்கும் இந்த ஆட்டம் ஆலைக்கு வந்த குரோஷியர்களும் ஸ்லோவாக்கியர்களும் ஆடுவது, கொஞ்சம் இளக்காரமானது. ஞாயிறு ஆட்டங்களில் கத்தியெடுத்த கதைகளெல்லாம் கேட்டிருந்த ஆக்லி, தன் லீக்குக்கு ஒரு விதி வைத்தார். ஆட்டம் ஓய்ந்ததும் இரண்டு அணியும் எதிரெதிர் வரிசையில் ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். கடைசியில் தலைவர்கள் இருவரும் நடுவட்டத்தில் நிற்கும் நடுவரிடம் வந்து கை கொடுக்க வேண்டும். நடுவர் இரண்டு கையையும் பிடித்த பிறகுதான் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை எத்தனை கோல் அடித்திருந்தாலும் அது செல்லாது. 'நடுவர் கை' என்பார்கள். பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள், கோச்சுகள் கொட்டாவி விடுவார்கள், ஆனால் யாரும் அந்த விதியை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. எந்த நடுவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதில்லை.

வெர்னாதான் கட்டிக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றான் கார்டி. "கோச்சுக்கு ரொம்ப நாள் இல்ல. அவர் அதப் பாத்துட்டுப் போகணும்னு ஆசப்படறார். வாங்க, உங்களப் பாக்கணும்னாரு."

ப்ரூயிட் சக்கர நாற்காலியில், மூக்கில் குழாயோடு, போர்வைக்குள் சுருங்கிப் போயிருந்தார். ஆனால் கையில் அதே காகிதக் கோப்பை. புகையிலையைக் கீழுதட்டுக்குள் அதக்கிக்கொண்டு அதில் துப்புவார். அன்றும் துப்பிக்கொண்டிருந்தார், இன்றும். பழுப்பு நிறம், மேலே லேசாக நுரை. வெர்னா தன் கோப்பையைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு அதிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றாள்.

"யாரு, நம்ம பாப்பாவா?" என்றார் கிழவர். "தலையெல்லாம் நரைச்சுப் போச்சே. கண்ணு இப்பவாவது தெரியுதா?"

"தெரியுது கோச். அப்பவும் தெரிஞ்சுது."

"ஹா!" கோப்பையில் துப்பினார். ஒரு இழை உதட்டிலிருந்து கோப்பை வரை அறுபடாமல் தொங்கியது. கார்டி கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டான், மகன் அப்பாவுக்குச் செய்வதுபோல. "கோவக்காரி. ஒரு கை குடுக்கறதுக்கு முப்பத்தேழு வருஷம். என் பொண்டாட்டிகூட இவ்வளவு நாள் முறுக்கிக்கிட்டு நின்னதில்ல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெர்னாவும் சிரிப்பதுபோல உதட்டை விரித்தாள். விரித்தது அவளுக்கே பிடிக்கவில்லை. தானாக வருகிறது அது, எழுபத்தோரு வயதிலும். ஆண்கள் கூட்டமாகச் சிரித்தால் கூடச் சிரிக்கிறது வாய். உள்ளே ஒருத்தி அந்த வாயைப் பார்த்து முகம் சுளிக்கிறாள்.

சாப்பாட்டின்போது திரையில் படம் போட்டுக் கார்டி லீக்கின் வரலாற்றைச் சொன்னான். நன்றாகப் பேசினான். பாதிரியார் ஆக்லி, ஆலைச் சங்கின் சத்தத்துக்கு ஆரம்பித்த முதல் ஆட்டம், சேற்றில் ஆடிய இறுதி ஆட்டம், பேருந்து ஆற்றங்கரையில் நின்றுபோய் இரண்டு அணியும் சேர்ந்து தள்ளியது. பிறகு, "நம்ம ஈர வரிசை!" என்றான். கூடமே மேசையைத் தட்டியது. "சின்னப் பசங்க சேட்டை. உள்ளங்கையில துப்பிட்டுக் கை குடுக்கறது. எல்லாரும் எல்லாருக்கும் பண்ணதுதான். இன்னைக்குப் பண்ணா வக்கீல் வருவான்!" மறுபடியும் தட்டல்.

எல்லாரும் எல்லாருக்கும் இல்லை. அவள் மைதானத்தின் நடுவில் நின்றவள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு வரிசையும் தெரியும். ஈர வரிசை ஒரே அணிக்குத்தான் நடந்தது. 

"அப்புறம் என்ன ஆச்சு? ஆலை மூடினான். பணம் வத்துச்சு. அப்புறம் அந்தச் சம வாய்ப்புச் சட்டம். பொண்ணுங்களுக்கு ஒரு அணி வேணும்னா பசங்களுக்கு ஒண்ண மூடுன்னான். நான் குத்தமா சொல்லல, பெண்கள் மன்னிக்கணும்." ஆர்லீனைப் பார்த்துக் குனிந்து வணங்கினான். ஆர்லீன் வாயில் குக்கியோடு கையை ஆட்டினாள். "தொண்ணூத்தொண்ணுல கடைசி விசில். ஆனா ஒண்ணு. முதல் பெண் நடுவரக் கொண்டாந்த லீக் நம்மளுது! காலத்துக்கு முந்தின லீக்!"

எல்லோரும் திரும்பி வெர்னாவைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவள் முன்னாலிருந்த முட்டைக்கோஸ் தட்டைத் தள்ளி வைத்தாள்.

ஆலை மூடியது உண்மை. ஆனால் ஆலை மூடிய பிறகும் எட்டு வருடம் லீக் நடந்தது. பெண்கள் அணி என்று ஒன்று அந்த ஏழு கல்லூரிகளில் இரண்டில்தான் வந்தது, அதுவும் லீக் செத்த பிறகு. லீக்கைக் கொன்றது செயின்ட் மெடார்ட் கல்லூரி ஜெயித்தது. அங்கிருந்த ஒரு பாதிரியார் நைஜீரியாவில் வேலை செய்தவர். அங்கே கலபார் நகரத்திலிருந்து நான்கைந்து பையன்களை உதவித்தொகை கொடுத்து அழைத்து வந்தார். லீக்கில் எப்போதும் கடைசி இடத்தில் கிடந்த கல்லூரி எண்பத்தைந்தில் ஜெயித்தது, எண்பத்தாறில் ஜெயித்தது. அந்த வருடம் தொடங்கியதுதான் ஈர வரிசை.

செயின்ட் மெடார்டின் தலைவன் எஃபியாங் எக்கே, அந்தக் கலபார்ப் பையன்களில் ஒருவன். நடு ஆட்டக்காரன். ஒல்லி. ஆட்டம் முழுக்க யாரையும் பார்த்து எதுவும் பேசமாட்டான், அவளிடம் மட்டும் "சரி மேடம்" என்பான். தவறான முடிவு கொடுத்தாலும் "சரி மேடம்". ஆனால் அப்போது ஒரு கணம் கண்ணை மூடித் திறப்பான். அந்தக் கண்ணை மூடித் திறப்பதைப் பார்த்துத்தான் அவள் தன் தவறுகளைத் தெரிந்துகொள்வாள்.

எண்பத்தேழு இறுதி ஆட்டத்தில் கிரிம்ஷா இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. நேர்மையாகத்தான் ஜெயித்தது, அவளே சொல்வாள். கார்டி அன்று ஒரு மதில்போல நின்றான். எஃபியாங் அடித்த பந்து ஒன்றைப் பக்கவாட்டில் பறந்து விரல் நுனியால் தள்ளினான், அப்படி ஒரு தடுப்பை அவள் பிறகு பார்த்ததில்லை. ஜெயித்தவன். துப்ப வேண்டிய அவசியமே இல்லாதவன்.

வரிசை ஆரம்பித்தது. முன்னால் தலைவர்கள். கார்டி தன் வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். கையுறையோடு கை கொடுப்பது மரியாதையில்லை என்று கழற்றுகிறான், எவ்வளவு நல்ல பிள்ளை என்றுகூட அவள் அந்த நொடியில் நினைத்தாள். பிறகு அவன் கையுறையை வாயிலிருந்து எடுத்தான். உள்ளங்கையில் துப்பினான். அவசரமில்லாமல், நாக்கைச் சுழற்றிச் சேர்த்து. சிரித்துக்கொண்டே நீட்டினான். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கைகளில் துப்பிக்கொண்டார்கள். ப்ரூயிட் கோட்டுக்கு வெளியே நின்று தன் கோப்பையில் துப்பினார், அதைப் பார்த்தபடியே.

எஃபியாங் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேருக்கும் கொடுத்தான். கடைசியில் நடுவட்டத்துக்கு அவளிடம் வந்தபோது அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான், யாருடையதையோ தூக்கிக்கொண்டு வருவதுபோல. விரலிடுக்கில் வெள்ளையாக நின்றது. ஒரு சொட்டு புல்லில் விழுந்தது.

"வேண்டாம் மேடம்," என்றான். "கை அசிங்கமா இருக்கு."

அந்த நேரத்தில் அவளுக்கு வந்த குமட்டலை அவள் பிறகு எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அது துப்பியவர்கள்மேல் வரவில்லை. முதலில் அந்தக் கைமேல்தான் வந்தது. உடம்புக்கு நியாயம் தெரியாது, எது கண்முன்னால் ஈரமாக இருக்கிறதோ அதைக் கண்டு சுருங்குகிறது. பார்க்கிறவர்கள் அப்படிச் சுருங்கத்தான் செய்கிறார்கள், அப்படிச் சுருங்க வைக்கத்தான் துப்புகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். வழுவழுவென்று, வெதுவெதுப்பாக, பல பேருடைய வாய். அழுத்திப் பிடித்தாள். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

பிறகு கார்டி வந்தான். அதற்குள் கையை ஜெர்சியில் துடைத்திருந்தான். சுத்தமான, சிவந்த, ஜெயித்த கை.

அவள் தன் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

விசாரணை வைத்தார்கள். ஏழு கல்லூரிகளின் ஆட்கள், ஒரு நீள மேசை, நடுவில் காபிக் குடம். அவள் நடந்ததைச் சொன்னாள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்க கையிலயா துப்பினான்?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?"

அவள் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். உண்மையாகவே புரியாமல் கேட்டார்கள்.

விதியை எடுத்தால் பாதிரியார் ஆக்லியை அவமதித்ததாகும் என்றார்கள் சிலர். எடுக்காவிட்டால் அந்த வருடத்துச் சாம்பியன் கோப்பை யாருக்கும் இல்லை. மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் அதை அப்படியே விட்டுவிட்டு, ஓர் அணியில் வெளிநாட்டுப் பையன்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று புதிய விதி ஒன்றை ஒரே மாலையில் நிறைவேற்றினார்கள். செயின்ட் மெடார்ட் விலகிக்கொண்டது. ஆறு கல்லூரிகள். பிறகு ஒன்றொன்றாக, அவனோடு ஆடமாட்டேன் இவனோடு ஆடமாட்டேன் என்று. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு கோச்சும் தனக்கு ஒத்துவராத நடுவர்களின் பெயரை அடித்துவிடலாம், அது எப்போதும் உள்ள வழக்கம்தான். எண்பத்தெட்டில் எல்லா கோச்சும் ஒரே பெயரை அடித்தார்கள். அதன் பிறகு வெர்னா பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊதினாள். சனிக்கிழமைக் காலைகளில், பால்பல் விழுந்த குழந்தைகளுக்கும்.

"வெர்னா." ஆர்லீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா நிறைந்திருந்தது. "கார்டி சொன்னான். குடுத்துத் தொலையேன். ஞாயித்துக்கிழம பூசையில சமாதானம் சொல்றப்ப பக்கத்துல எவன் உக்காந்திருந்தாலும் குடுக்கறதில்லயா? போன வாரம் அந்த மூக்கு நோண்டி ஹ்ராபக்குக்கே குடுத்த."

"குடுத்தேன்."

"அப்ப? கல்லுல பேரு வருது. உன் தம்பி இருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பான். நீ எவ்வளவு ஓடின, எனக்குத் தெரியாதா? காலெல்லாம் வீங்கி வந்து நிப்ப. யாராவது ஒரு வார்த்த சொன்னானா? இப்ப சொல்றான். வாங்கிக்க. வயசாயிடுச்சு வெர்னா, இனிமே யாரு வந்து சொல்லப் போறா?"

ஆர்லீன் அன்பாகத்தான் சொன்னாள். ஆம், வெர்னாவுக்கு அது வேண்டும். துணியை விலக்கி அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தனக்கு அது இவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது, யாரோ தின்றுவிட்டு வைத்த தட்டின்முன் பசியோடு உட்கார்ந்திருப்பதுபோல.

எழுந்துபோய்க் கழுவுமிடத்தில் கையைக் கழுவினாள். சுடுதண்ணீர், சோப்பு, நகக்கண் வரை. கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவில்லை. வெளியே வந்தபோது கார்டி கோட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"எக்கேயக் கூப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"யாரு? ஓ, எஃபியாங். ஓஹாயோல மருந்துக்கட வச்சிருக்கானாம். மின்னஞ்சல் போட்டோம்னு நெனக்கிறேன். பதில் வரல." தோளைக் குலுக்கினான். "ஆனா அதுக்கு அவன் வேணும்னு இல்லையே ரெஃப். அவன் அன்னைக்கே உங்களுக்குக் கை குடுத்துட்டான். விதிப்படி பாக்கி நான் மட்டும்தான்."

விதிப்படி அது சரி. ஆக்லி பாதிரியார் தலைவனும் தலைவனும் கை கொடுத்துக்கொண்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது தானாக நல்லபடியாக நடந்துவிடும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"அவன்கிட்ட எதாவது சொல்லணும்னு உனக்குத் தோணினதுண்டா?"

கார்டி நின்றான். ஒரு கணம் அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. அது எதுவாக வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். வெர்னா காத்திருந்தாள். அந்த நேரத்தில் அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே கையை நீட்டியிருப்பாள்.

"நாங்க சின்னப் பசங்க, ரெஃப்," என்றான். "அவனும் சிரிச்சுக்கிட்டுத்தானே குடுத்தான்."

"சிரிக்கல."

"சிரிச்சான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." அவள் தோளில் கோட்டைப் போர்த்திவிட்டான், மென்மையாக. "வாங்க, வெளிச்சம் போறதுக்குள்ள."

சாலைக்கு எதிரே கிரிம்ஷாவின் பழைய மைதானம். கோல் கம்பங்கள் இல்லை. ஒரு பக்கம் உப்பும் மணலும் கொட்டி வைத்திருந்தார்கள், பனிக்காலச் சாலைக்கு. நடுவட்டத்தை மட்டும் யாரோ சுண்ணாம்பால் புதிதாக வரைந்திருந்தார்கள். அழுகிய இலைகள் காலுக்கடியில் வழுக்கின. கல்லையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்து, துணியை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒருவன் மடியில் உளியோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். வெர்னாவுக்குத் தன் பெயர் தெரிந்தது, கீழ் வரிசையில், ஆழமாக, அழகாக. அதற்கு மேலே எண்பத்தேழுக்கு நேரே வழவழப்பான கல்.

ப்ரூயிட்டின் நாற்காலியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள், பழைய இடத்தில். ஆர்லீன் போர்வையை இழுத்துவிட்டாள். யாரோ கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கத் தொடங்கினார்கள்.

செயின்ட் மெடார்ட் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அதனால் மற்ற கல்லூரிக்காரர்கள் சிலர் எதிர் வரிசையாக நின்றுகொண்டார்கள். "நீ எஃபியாங், நான் வேற எவனோ," என்று ஒருவன் இன்னொருவனைத் தள்ளினான். "கொஞ்சம் கறுப்பு மை பூசிக்கடா," என்றான் மூன்றாமவன். சிரிப்பு. "டேய், கேமரா ஓடுது," என்று கார்டி அதட்டினான். ஆனால் அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

வரிசை நகர்ந்தது. "நல்ல ஆட்டம், நல்ல ஆட்டம்" என்று ஒவ்வொருவரும் முனகிக்கொண்டே தட்டிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருவன் பகிரங்கமாக உள்ளங்கையில் துப்பிக்கொண்டு நீட்ட, மற்றவன் கத்திக்கொண்டு பின்வாங்கி ஓடினான். கூட்டமே ஆர்ப்பரித்தது. அவனால் ஓட முடிகிறது என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

கார்டி நடுவட்டத்துக்கு வந்தான். முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு, உண்மையிலேயே கண் கலங்கி. குளிருக்குத் தோல் கையுறை போட்டிருந்தான். அவள்முன் நின்று, வலது கையுறையின் நுனியைப் பல்லில் கடித்து, இழுத்துக் கழற்றினான்.

அதே பல். அதே தலைச் சாய்ப்பு. அவனுக்கு அது நினைவிருக்காது. கை கால் தானாகச் செய்வது. வெர்னாவின் வாயில் உமிழ்நீர் ஊறியது, வாந்திக்குமுன் ஊறுவதுபோல. அவள் விழுங்கினாள்.

கை நீண்டது. உலர்ந்த கை. சுத்தமான கை. அன்றும் சுத்தமாகத்தான் இருந்தது.

"ரெஃப்," என்றான் மெதுவாக. "முடிச்சுடலாம்."

கோட்டுக்கு வெளியே கிழவர் கோப்பையில் துப்பும் சத்தம் கேட்டது. உளிக்காரன் முக்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

வெர்னாவின் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன. சுடுதண்ணீரின் கதகதப்பு அவற்றில் இன்னும் மிச்சமிருந்தது.

"வேண்டாம், கார்டி," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "எண்பத்தேழு அப்படியே இருக்கட்டும். உளிக்காரர்கிட்டச் சொல்லி என் பேர வேணா எடுத்துடு."